மடிப்புக் கலையாத விரிப்பு

மலாக்கா காஜா பேராங்கில் போய்ப் பாக்கியலட்சுமி என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. ஆஸ்பத்திரிச் சலவைக்காரப் பாக்கியம் என்று கேட்டால் ஆளுக்கு முன்னால் வந்து வழி காட்டுவார்கள். கூடவே, "கொஞ்சம் பாத்துப் பேசுங்க" என்று ஒரு எச்சரிக்கையும் கிடைக்கும்.

பதினொரு வருஷமாக அரசாங்க ஆஸ்பத்திரியின் சலவைக்கொட்டாயில் வேலை. ஒரு நாளைக்கு இருநூறு விரிப்பு வரும். கொதிக்கிற அண்டாவில் கட்டையால் கிளறி, அலசி, நீலம் போட்டு, காயவைத்து, தேய்த்து, மடிக்க வேண்டும். அவளுக்கு வயது முப்பத்தெட்டு. கைகளுக்கு மட்டும் ஐம்பது. வாயைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். வார்டு ஆயா ஒருத்தி அழுக்கு மூட்டைக்குள் ஊசியைச் சுருட்டி அனுப்பிவிட்டாள் என்று, சோப்பு நுரை வழியும் கையோடு வார்டுக்கே நடந்து போய், அத்தனை நோயாளிகள் முன்னாலும் அவளை உண்டு இல்லை என்று ஆக்கிவிட்டு வந்தவள் பாக்கியம்.

துணியைப் பார்த்து ஆளைச் சொல்லிவிடுவாள். கால்மாட்டுப் பக்கம் கசங்கியிருந்தால் வலி பொறுக்காமல் காலை உதைத்தவன். நடுவில் மட்டும் குழி விழுந்திருந்தால் அசையாமல் கிடந்தவன். கதவுப் பக்க ஓரம் மட்டும் கசங்கிச் சுருண்டு கிடந்தால், யாராவது வருவார்களா என்று அந்தப் பக்கமே பார்த்துப் படுத்திருந்தவன். டாக்டருக்குத் தெரியாததும் தனக்குத் தெரியும் என்பது அவள் எண்ணம். அது முழுக்கப் பொய்யும் இல்லை.

அப்படிப்பட்டவள் ஐம்பத்தேழாம் வருஷம் ஜூன் தொடங்கி ஆகஸ்ட் கடைசிவரை வாயை மூடிக்கொண்டு இருந்தாள் என்றால் காரணம் ஒன்றுதான். அவளைப் பெற்ற சுப்பையன் முதியோர் இல்லத்தில் இருந்தார்.

சுப்பையன் ஜாசின் பக்கத் தோட்டமொன்றில் முப்பது வருஷம் கித்தா மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுத்தவர். வலது கையும் காலும் இழுத்துக்கொண்ட பிறகு மகளிடம் வந்து சேர்ந்தார். பாக்கியத்தின் புருஷனை ஜப்பான்காரன் காலத்தில் சயாமுக்கு ரயில் பாதை போட இழுத்துக்கொண்டு போனார்கள், போனவன் போனவன்தான். பிள்ளை குட்டி இல்லை. காஜா பேராங்கில் ஒரு செட்டி வீட்டின் பின்கட்டில் ஓர் அறை எடுத்து, அப்பாவும் மகளுமாக இருந்தார்கள். விடிவதற்குள் அவள் கிளம்பிவிடுவாள். கட்டிலுக்குப் பக்கத்தில் கஞ்சிப் பானை, ஒரு டம்ளர், ஒரு சட்டி. அவ்வளவுதான் ஏற்பாடு.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் அவர் கட்டிலிலிருந்து சரிந்து விழுந்தார். காலை ஒன்பது மணிக்கு விழுந்தவர் சாயங்காலம் நாலு மணிவரை தரையில் கிடந்தார். கஞ்சிப் பானை ஒரு முழம் தள்ளி இருந்தது. கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்பிய வீட்டுக்காரி மீனாச்சிதான் முதலில் பார்த்தாள். மலாக்காச் செட்டி வம்சம். அவளுக்குத் தமிழில் சாமி பெயர்களும் சில உறவுமுறைகளும்தான் வரும், மற்றதெல்லாம் மலாய். அவரைத் தூக்கி உட்காரவைத்து, "கெசியான், கெசியான்" என்று அழுதுகொண்டிருந்தாள். பாவம் என்று சொல்ல அவளுக்கு அந்த வார்த்தைதான் இருந்தது. வேலை முடிந்து வந்த பாக்கியம் வாசலில் நின்று அந்த ஒரு முழத்தைப் பார்த்தாள். மறுவாரம் அப்பாவைக் கூட்டிக்கொண்டுபோய் இல்லத்தில் சேர்த்தாள்.

இல்லம் நாலு சந்து தள்ளி. பலகைச் சுவர், தகரக்கூரை, பத்தொன்பது கட்டில். ஊர்த் தமிழர் சங்கம் ஒன்று நடத்தியது. அப்பனைக் கொண்டுபோய் விட்டவள் என்ற பெயர் அன்றே பாக்கியத்தின் மேல் ஒட்டிக்கொண்டது. சலவைக்கொட்டாயிலும் பேசினார்கள், பாசாரிலும் பேசினார்கள். ஊர் வாய்க்கெல்லாம் பதில் சொல்லும் பாக்கியம் இதற்கு மட்டும் பதில் சொல்லவில்லை. அவளுக்கே அது குத்திக்கொண்டுதான் இருந்தது.

ஆனால் அப்போது இல்லத்தைப் பார்த்துக்கொண்டவர் கலியாணசுந்தரம். அவரும் தோட்டத்துக்காரர். காலையில் எல்லாரையும் குளிப்பாட்டி உட்காரவைத்து, தோட்டத்தில் ஆட்களை மேய்க்கும் மண்டோர் பெரட்டு எடுப்பதைப்போல ஒவ்வொரு பெயராகச் சத்தம் போட்டுக் கூப்பிடுவார். கிழவர்கள் "வந்தேன்!" என்று குரல் கொடுக்க வேண்டும். எவர் குரல் தேய்ந்திருக்கிறதோ அவருக்கு அன்றைக்குக் கோப்பியில் இரண்டு பிஸ்கோத்து கூட. சுப்பையன் பிஸ்கோத்துக்காகவே செத்த குரலில் "வந்தேன்" என்பார். ஞாயிற்றுக்கிழமை மகளிடம் அதைச் சொல்லிச் சிரிப்பார். அந்தச் சிரிப்பைப் பார்த்துவிட்டால் பாக்கியத்துக்கு ஒரு வாரம் ஓடிவிடும்.

மே மாதம் கலியாணசுந்தரம் ஊரில் இருக்கும் தங்கையைப் பார்க்கக் கப்பலேறினார். திரும்பி வரவில்லை. அவர் இடத்துக்குத் தம்பிராஜா வந்தான். பஸ்ஸில் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தவன். பெரட்டு நின்றுபோயிற்று. சுப்பையனின் கை நகங்கள் வளர்ந்தன. உதடு வெடித்தது. கழுத்தில் பவுடர் அதிகமாயிற்று. இல்லத்து விரிப்பெல்லாம் இற்றுப்போய்க் கிடப்பதைப் பார்த்துவிட்டுப் பாக்கியம் கோதுமை மாவுச் சாக்குகளை வாங்கி, எழுத்துப் போகும்வரை மூன்று முறை அவித்து, நாலு விரிப்புத் தைத்து, மூலையில் நீல நூலால் ஒரு புள்ளி போட்டுக் கொடுத்தாள். மாற்றி மாற்றிப் போடுங்கள், இங்கேயே துவைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லித்தான் கொடுத்தாள்.

மெர்டேக்காவுக்கு, மலாயா சுதந்திரம் பெறும் நாளுக்கு, இன்னும் ஒரு வாரம் இருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை போனபோது சுப்பையன் தலை வாரி, பவுடர் பூசி, அவள் தைத்த விரிப்பின்மேல் கல்யாண மாப்பிள்ளைபோல உட்கார்ந்திருந்தார்.

"நல்லா பாத்துக்கிறாங்களாப்பா?"

"எனக்கென்ன கொறச்சல்? ராஜா மாதிரி இருக்கேன்." கூரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

பாக்கியம் பக்கத்தில் உட்கார்ந்தாள். கை தன் பழக்கத்தில் விரிப்பைத் தடவிக் கொடுத்தது. தடவிய கை பாதியில் நின்றது.

விரிப்பில் மடிப்பு இருந்தது. நீளவாக்கில் மூன்றாகவும் குறுக்கே நாலாகவும் மடிப்பது ஆஸ்பத்திரி மடிப்பு; வீடுகளில் அப்படி யாரும் மடிக்கமாட்டார்கள். அவள் ஜூன் மாதம் தேய்த்து மடித்துக் கொடுத்த அதே பன்னிரண்டு கட்டத்தின் கோடுகளும் கத்திபோல நின்றன. நீலம்கூட மங்கவில்லை. ஒரே ஒரு ராத்திரி ஓர் உடம்பு அதன்மேல் புரண்டிருந்தால் போதும், அந்தக் கோடு நிற்காது. அப்படியானால் இந்த விரிப்பு ஞாயிற்றுக்கிழமை காலையில் விரிக்கப்படுகிறது, அவள் போனதும் சுருட்டப்படுகிறது. மற்ற ஆறு நாளும் அப்பா எதன்மேல் படுக்கிறார்?

அவரை லேசாகத் தள்ளி உட்காரவைக்கப் பார்த்தாள். "ஸ்ஸ்" என்று பல்லைக் கடித்தார்.

"முதுகுல என்னப்பா?"

"மூட்டப்பூச்சி."

அந்தப் பக்கமாக வந்த தம்பிராஜாவை நிறுத்தினாள். "தம்பி, விரிப்பெல்லாம் எப்ப மாத்துறீங்க?"

அவன் முதலில் சுப்பையனைப் பார்த்தான். பிறகுதான் அவளைப் பார்த்தான். "மாத்துறோம்க்கா" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டான்.

சுப்பையன் இடது கையால் அவள் மணிக்கட்டைப் பிடித்தார். "வாயத் தொறக்காத தாயி. மண்டோர எதுத்துப் பேசினவனெல்லாம் தோட்டத்துல நெலச்சானா? இங்கேருந்து போட்டுட்டான்னா மறுபடியும் ஒன் ரூம்லதான். அந்தத் தரையில..."

பன்னிரண்டு மணிக்கு மணி அடித்தது. பார்வையாளர் எல்லாம் எழுந்தார்கள். அவளும் எழுந்தாள்.

செவ்வாய்க்கிழமை அவள் ஒரு விரிப்பைத் தேய்க்கும்போது கருக்கிவிட்டாள். பதினொரு வருஷத்தில் அதுதான் முதல் தடவை. சொன்னால் அப்பாவுக்கு இருக்கிற கட்டிலும் போய்விடும். சொல்லாவிட்டால் அந்தக் கட்டிலிலேயே அவர் அழுகிப்போவார். அப்பனை விட்டுவிட்டுப் போனவளுக்குக் குறை சொல்ல என்ன யோக்கியதை என்று கேட்பார்கள், கேட்டால் என்ன பதில் என்றும் அவளுக்குத் தெரியவில்லை. கருகின விரிப்பைப் பார்த்துக்கொண்டே நின்றாள். புதன்கிழமை அரை நாள் லீவு கேட்டாள்.

இல்லத்து முன்கதவு சாத்தியிருந்தது. 'பார்வையாளர் நேரம்: ஞாயிறு 10 முதல் 12 வரை' என்று பலகை தொங்கியது. பாக்கியம் குசினிப் பக்கம் சுற்றிக்கொண்டு, வேலியை விலக்கி உள்ளே போனாள்.

முதலில் மூக்குக்குத்தான் தெரிந்தது. சுப்பையன் வெறும் கித்தா ஷீட்டின்மேல் கிடந்தார். இடுப்புச் சாரம் நனைந்து, காய்ந்து, மறுபடி நனைந்திருந்தது. முதுகுக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்கு ஒரு புண். மகளைப் பார்த்ததும் துண்டை இழுத்துத் தன்மேல் போர்த்திக்கொள்ளத் தவித்தார். கை எட்டவில்லை.

"இன்னிக்கு ஞாயித்துக்கெழமையா தாயி?" என்று கேட்டார். நாளை எண்ணுவதில் தப்பு செய்துவிட்டோமோ என்ற பயம் அந்தக் குரலில் இருந்தது.

"இல்லப்பா. புதன்."

பாக்கியம் அழவில்லை. அழுதால் கை ஓடாது என்று அவளுக்குத் தெரியும். குசினியிலிருந்து வெந்நீர் கொண்டுவந்து அவரைத் துடைத்தாள். கைக்குழந்தையைப் போலத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு முதுகைக் கழுவினாள். அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார், பெற்ற மகள் முன்னால் இப்படியா என்று. பக்கத்துக் கட்டில்களும் அப்படித்தான் இருந்தன. தம்பிராஜா கடைசிக் கட்டிலில் யாரையோ தூக்கிக்கொண்டு நின்றவன், அவளைக் கண்டு அப்படியே நின்றுவிட்டான். அவள் ஈரப் புடவையோடு தெருவில் இறங்கினாள்.

சங்கத்துக் காரியதரிசி மாணிக்கவாசகம் நில இலாகாவில் கணக்கு எழுதும் பெரிய கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர். நல்ல மனுஷர் என்று பெயர். பெயர் பொய்யில்லை. அவர் வீட்டு முன்கூடத்தில் காகிதக் கொடிகள் குவிந்து கிடந்தன. சனிக்கிழமை இல்லத்தில் மெர்டேக்கா விருந்து, அதற்கான ஏற்பாடு.

"ஐயா, எங்கப்பாவுக்கு முதுகுல புண்ணு. குளிப்பாட்டுறதில்ல. விரிப்பில்லாம வெறும் கித்தாவுல போட்டிருக்காங்க."

"என்னம்மா சொல்ற? நான்தான் வாரா வாரம் ஞாயித்துக்கிழமை வரேனே. எல்லாரும் சுத்தமா இருக்காங்களே."

"நானும் ஞாயித்துக்கிழமதான் வாரேன். அதனாலதான் நமக்கு ரெண்டு பேருக்கும் தெரியல."

அவர் முகம் சுருங்கியது. வாயில் வந்துவிட்டது. "அவ்வளவு குறை இருந்தா உங்கப்பாவ நீயே வச்சுப் பாத்துக்கலாமேம்மா."

இத்தனை நாள் எதற்குப் பயந்தாளோ அந்த வார்த்தை வந்தேவிட்டது. வந்த பிறகு பார்த்தால் அவ்வளவு பெரியதாக இல்லை. பாக்கியம் புடவைத் தலைப்பைப் பிழிந்து இடுப்பில் செருகினாள்.

"வச்சுக்க முடிஞ்சா வச்சிருப்பேன்யா. முடியலன்னுதான் ஒங்க கையில குடுத்தேன். அப்பாவத்தான் குடுத்தேன், என் வாயையும் சேத்துக் குடுக்கல. நாலு விரிப்பு தச்சுக் குடுத்தேன், ஞாயித்துக்கிழம காட்ட ஒண்ண வச்சுக்கிட்டு மத்தத அந்தத் தம்பிராஜா வித்துத் தின்னுட்டான். வந்து பாருங்க. இப்பவே வாங்க. ஞாயித்துக்கிழம வரைக்கும் காத்திருக்காதீங்க."

மாணிக்கவாசகம் கையிலிருந்த கொடியைக் கீழே வைத்தார். பிறகு குடையை எடுத்துக்கொண்டார்.

இல்லத்துக்குள் நுழைந்ததும் பாக்கியம் தம்பிராஜாவைப் பிடித்துக்கொண்டாள். "எங்கய்யா என் விரிப்பு? நாலு தச்சுக் குடுத்தேனே! நீலப் புள்ளி போட்டது! எவங்கிட்ட வித்த?" குரல் சந்து முனைவரை கேட்டிருக்கும்.

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"பாக்கியம்." கட்டிலிலிருந்து சுப்பையன் கூப்பிட்டார். "அவன விடு. பொட்டியத் தொற."

கட்டிலுக்கடியில் அவருடைய தகரப்பெட்டி இருந்தது. திறந்தாள். நாலு விரிப்பும் இருந்தன. மூன்றுக்கு நாலு, ஆஸ்பத்திரி மடிப்பு, கோடு பிசகாமல்.

"நாந்தான் எடுத்து வைக்கச் சொன்னேன்" என்றார். "ராத்திரியில எனக்குத் தெரியாமலே போயிடுது தாயி. நீ நாள் பூரா ஊராரு பீத்துணி தொவைக்கிற. அதுல எந்துணியும் சேரணுமா? எங்க தொவைச்சாலும் நீ கண்டுபிடிச்சிடுவ, தூக்கிட்டுப் போயிடுவ. அதான் நீ வர்ற அன்னிக்கி மட்டும் விரிக்கச் சொல்லி அவன் கையப் புடிச்சேன். மடிப்பு மாறாம மடிக்கணும்னு சொல்லிக் குடுத்ததும் நாந்தான்."

பாக்கியம் பெட்டி பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். நாலு பேர் முன்னால் ஒருவனைத் திருடன் என்று சொல்லியாயிற்று. மாணிக்கவாசகம் தொண்டையைச் செருமினார். அந்தச் செருமலில் 'பாத்தியா' என்ற சொல் இருந்தது.

சுப்பையன் அதைக் கேட்டார். மகளை வாயைத் திறக்காதே என்று மூன்று மாதமாக அடக்கி வைத்தவர், இடது கையைக் கட்டிலில் ஊன்றி எழும்பப் பார்த்தார். முடியவில்லை. படுத்தபடியே பேசினார்.

"ஐயா, விரிப்பு விசயத்துல எம்மவ சொன்னது தப்பு. மத்தது அம்புட்டும் நெசம். நான் குளிச்சு பத்து நாளாச்சு. தண்ணி கேட்டா வர்றதுக்கு ஒரு மணி நேரம் ஆகுது. அந்தப் புண்ணு ஒரு மாசத்துப் புண்ணு. என்ன வெளிய போடுறதானா போடுங்க. அவ பொய் சொல்றான்னு மட்டும் போயிடாதீங்க."

தோட்டத்தில் முப்பது வருஷம் மண்டோர் முன்னால் வாய் திறக்காத மனுஷர். பாக்கியம் அவரை அண்ணாந்து பார்த்தாள்.

அப்போதுதான் தம்பிராஜாவுக்கும் வாய் திறந்தது. "எனக்கு ரெண்டு கைதான்யா. சமையக்காரனும் நின்னுட்டான். ஆறு பேருக்குச் சோறு ஊட்டணும், ஒம்போது பேரத் தூக்கணும். ஒங்ககிட்ட ரெண்டு தடவ சொன்னேன். ஞாயித்துக்கிழம சொன்னேன். நீங்க விருந்து குடுக்க வந்தவங்களோட பேசிக்கிட்டு இருந்தீங்க. பாப்போம்ப்பான்னீங்க."

மாணிக்கவாசகம் சுப்பையன் பக்கத்தில் குனிந்து, "கொஞ்சம் திரும்புங்க ஐயா" என்றார். புண்ணைப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி போட்டுக்கொண்டு இன்னொரு முறை பார்த்தார். பிறகு ஒவ்வொரு கட்டிலாகப் போனார். பத்தொன்பதும் முடிய அரை மணி நேரம் ஆயிற்று. திரும்பி வந்தபோது அவர் சட்டைக் கை இரண்டும் முழங்கைக்கு மேல் ஏறியிருந்தன. வெந்நீர் எங்கே இருக்கிறது என்று தம்பிராஜாவிடம் கேட்டார்.

பாக்கியம் எழுந்து தம்பிராஜா முன்னால் போய் நின்றாள். மன்னிப்புக் கேட்டு அவளுக்குப் பழக்கமில்லை. "மடிப்பு நல்லாத்தான் மடிச்சிருக்க. எங்க கொட்டாயில ரெண்டு பேருக்கு இன்னும் வரல" என்றாள். அவனுக்குப் புரிந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

ஒரே நாளில் எல்லாம் மாறிவிடவில்லை. மறுநாள் ஆஸ்பத்திரி டிரசர் ஒருவர் வந்து புண்ணுக்குக் கட்டுப் போட்டார். கூடமாட உதவிக்குத் தெங்கேராவிலிருந்து ஒரு ஆள் வருவதாக ஏற்பாடாயிற்று. வரும்வரை தினம் காலையில் இரண்டு மணி நேரம் காரியதரிசியே வந்து வாளி தூக்கினார். சனிக்கிழமை ஊரே திடலில் போய்க் கொடியேற்றம் பார்த்தது. பாக்கியம் இல்லத்துக் கிணற்றடியில் பழைய விரிப்புகளை அவித்துக்கொண்டிருந்தாள். எங்கோ வானொலியில் கூட்டம் ஆர்ப்பரிப்பது கேட்டது.

அதற்கு முந்திய ராத்திரி அவளும் அப்பாவும் ஒரு பேச்சு பேசி முடித்திருந்தார்கள். "என் விரிப்புல நீ படுக்கலன்னா நான் தச்சது எதுக்கு?" என்று கேட்டாள். அவர் கூரையைப் பார்த்தபடி, "சரி" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை அவள் போனபோது கதவு திறந்து கிடந்தது. பார்வை நேரப் பலகையைக் காணோம். ஆணி அடித்த ஓட்டைதான் இருந்தது. உள்ளே தம்பிராஜா பெயர்களை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். கலியாணசுந்தரத்தின் கம்பீரம் வரவில்லை, பஸ்ஸில் நிறுத்தம் சொல்வதைப்போலவே இருந்தது. ஆனாலும் கிழவர்கள் "வந்தேன்" சொன்னார்கள். சுப்பையனின் குரல் செத்துப்போய்க் கேட்டது. பிஸ்கோத்துக் குரல்.

அவருக்குப் பவுடர் பூசவில்லை. தலை வாரவில்லை. அவரை ஒருபக்கமாகச் சாய்த்துவிட்டுப் பாக்கியம் விரிப்பை உருவினாள். ஒரு கோடு இல்லை. கோப்பி கொட்டிய கறை ஒன்று, மருந்துக் கறை ஒன்று, நடுவில் ஈரம். சொதசொதவென்று கசங்கிப்போன விரிப்பைக் கையில் ஏந்திக்கொண்டு அவள் சிரித்தாள். பதினொரு வருஷத்தில் அழுக்குத் துணியைப் பார்த்து அவளுக்கு இவ்வளவு சந்தோஷம் வந்ததில்லை.

பிறகு அவள் கண் ஓரத்துக்குப் போயிற்று. ஓரம் முழுக்கக் கையால் பற்றிப் பற்றிச் சுருண்டிருந்தது, மற்ற மூன்று பக்கமும் அப்படி இல்லை. கதவுப் பக்க ஓரம்.

அவள் அதை நீவி விடாமல் வைத்துக்கொண்டு நின்றாள். இரண்டு வருஷமாக ஒவ்வொரு ராத்திரியும் அவர் அந்தப் பக்கமே பார்த்துப் படுத்திருந்திருக்கிறார். ஆயிரம் பேர் விரிப்பைப் படித்தவள், அப்பாவுடையதை இன்றுதான் படித்தாள்.

"நாறுதா தாயி?" என்று கூச்சத்தோடு கேட்டார்.

"நாறுது" என்றாள். பெட்டியிலிருந்து அடுத்த விரிப்பை எடுத்து உதறிப் போட்டாள். "நாளைக்கு வந்து இதையும் எடுத்துக்கிறேன்."

"நாளைக்குத் திங்கக்கெழமல்ல?"

"ஆமாப்பா, திங்கக்கெழம. வேல முடிஞ்சதும் வந்துடுவேன்."